மறை வழங்கல்: பூச்சியத்துக்குக் கீழே ஒரு வோல்ற்றளவு

நெகட்டிவ் சப்ளைக்குத் தமிழ் என்ன என்று மட்டக்களப்பில் கேட்டால் இரண்டு விடை வரும். றேடியோ திருத்தும் கடையில் "மைனஸ்" என்பார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளை "மறை வோல்ற்றளவு" என்பாள். இரண்டும் ஒன்றல்ல. கடையில் மைனஸ் என்பது பெரும்பாலும் பற்றரியின் கறுப்புக் கம்பி. ஒற்றை வழங்கலில் ஓடும் சுற்றுக்கு அதுதான் பூச்சியம், மற்றதையெல்லாம் அளக்கத் தொடங்கும் இடம். மறை வழங்கல் அதற்கும் கீழே கிடப்பது. கல்லடிப் பாலத்தில் நின்று அளந்தால் வாவியின் நீர்மட்டம் மறை. வாவியின் அடியிலிருந்து அளந்தால் அதே மட்டம் நேர்.

'நெகட்டிவ்' வந்தது 'மறுத்தல்' என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து. மின்சாரத்தை ஒரு பாய்பொருளாக எண்ணிய பெஞ்சமின் பிராங்ளின், அது கூடிய பொருளைப் பிளஸ் என்றும் குறைந்த பொருளை மைனஸ் என்றும் 1747இல் எழுதினார். 1897இல் தொம்சன் இலத்திரனை இனங்கண்டபோது கதை தலைகீழானது: குறைவென்று பெயர்வாங்கிய பக்கத்தில்தான் இலத்திரன்கள் மிகுந்திருந்தன. ஆகவே 'குறை' என்று தமிழாக்கினால் பிழையான படம் மனதில் விழும். இலங்கைப் பாடநூல்களின் 'மறை'யே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இலக்கணத்தின் எதிர்மறையும் அதே மறுத்தல்தான். (வேதத்தைக் குறிக்கும் மறை, மறைந்திருப்பதிலிருந்து வந்தது, அதை இங்கே இழுக்க வேண்டாம்.) தமிழ்நாட்டு நூல்களில் 'எதிர்' என்றிருக்கும்.

சரி, கணினியின் சாதாரண யூஎஸ்பி வாயில் தருவது +5 வோல்ற் மட்டுமே. செயற்பாட்டு விரியலாக்கி (சைகையைப் பெருக்கும் 'ஒப்-அம்ப்') ஒன்றில் ஒலிச் சைகையைப் பூச்சியத்தின் இரு பக்கமும் ஆடவிட வேண்டுமென்றால் கீழ்ப்பக்கத்துக்கும் வழங்கல் வேண்டும். தனிக்கூறுகளாலேயே அதைச் செய்யலாம்: சதுர அலை தரும் திரான்சிற்றர் அலையாக்கி, ஏற்றத்தைச் சேமிக்கும் இரண்டு கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்), ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் இரண்டு இருவாயிகள் (டயோட்). அலை மேலேறும்போது முதலாம் கொள்ளளவி ஓர் இருவாயி ஊடாகப் பூச்சியக் கம்பிக்கு ஏற்றம் பெறுகிறது. அலை சட்டென்று பூச்சியத்துக்கு இறங்கும்போது கொள்ளளவி தன் ஏற்றத்தை விடாது. அதனால் அதன் மறு தகடு பூச்சியத்துக்குக் கீழே தள்ளப்படுகிறது. மற்ற இருவாயி வழியே இரண்டாம் கொள்ளளவியும் கீழே இழுக்கப்படுகிறது. இதுதான் 'சார்ஜ் பம்ப்'. பம்பி நம் பாடநூல் சொல். 'ஏற்றப் பம்பி' என்றால் போதும்.

−5 முழுதாகக் கிடைக்காது. அலை முழு 5 வோல்ற் ஆடினாலும் சிலிக்கன் இருவாயிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.7 வோல்ற் தின்னும், மிஞ்சுவது −3.6. குறைவாகத் தின்னும் ஷொட்கி இருவாயி போட்டால் சிறு ஓட்டத்தில் −4.4 அளவுக்கு வரும். சுமை கூடக்கூட அதுவும் சுருங்கும். சதுர அலை தரும் சாதாரண 555 சில்லின் வெளியீடு மேலேறும்போது வழங்கலைவிட ஒரு வோல்ற்றுக்கு மேல் குறைவாகவே நின்றுவிடுவதால், அதைக் கொண்டு செய்பவர் இன்னும் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும்.

இதற்கு எதற்குப் பம்பி, கணினியின் இரண்டு வாயில்களைத் தொடராக மாட்டி நடுவைப் பூச்சியமாக எடுக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. செய்யாதீர்கள். அந்த இரண்டு வாயில்களின் பூச்சியக் கம்பியும் உள்ளே ஒன்றுதான். ஒன்றின் +5ஐ மற்றதன் பூச்சியத்தோடு சேர்த்தால் நேரே குறுஞ்சுற்று.