ஒரு மில்லிமீட்டர் பதினைந்து சென்டிமீட்டர் ஆகும் கணக்கு

இடுப்பில் செருகும் சின்னக் கைத்துப்பாக்கியில் குறி தவறுவது குழல் குட்டை என்பதாலா என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

குழல்மேல் பழி போட வேண்டாம். அமெரிக்காவில் பலர் வைத்திருக்கும் கிளாக் 19 என்ற கைத்துப்பாக்கியை, ‘ரேன்சம் ரெஸ்ட்’ என்ற இரும்புப் பிடியில் இறுக்கி 25 கஜத்தில் (சுமார் 23 மீட்டர்) சுட்டால், நல்ல தோட்டாக்கள் பொதுவாக ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழும். ஒவ்வொரு வெடிப்பிலும் குழலின் பின்முனை தாழ்ந்து, ஸ்லைடை (குழலை மூடியபடி முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதி) விட்டு விலகி, மறுபடி ஏறிப் பூட்டிக்கொள்கிறது. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஏற்பாடு இது. குழல் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பினால் போதும்.

கோளாறு கையில். குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் இரண்டு சைட்டுகள் உண்டு: முன்முனையில் ஒரு சின்ன முளை (முன்சைட்), பின்முனையில் ஒரு பள்ளம் (பின்சைட்). கை 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாலும், இரண்டும் இலக்கை நோக்கி நேர்க்கோட்டில் இருந்தால் தோட்டாவும் 5 மி.மீ.தான் விலகும், கவலையே இல்லை. முன்சைட் மட்டும் பின்சைட்டின் பள்ளத்தில் 1 மி.மீ. ஒதுங்கினால் கதை வேறு. கிளாக் 19-இல் இரண்டு சைட்டுக்கும் இடையே 153 மி.மீ. எட்டாம் வகுப்பு ஒத்த முக்கோணங்கள்தான்: 25 கஜம் என்பது 22,860 மி.மீ.; அதை 153-ஆல் வகுத்தால் 149. ஒரு மில்லிமீட்டர் பிசகு இலக்கில் 15 செ.மீ. ஆகிவிடுகிறது! இன்னும் சிறிய கிளாக் 43-இல் அந்த இடைவெளி 132 மி.மீ.; பிசகு 17 செ.மீ. குட்டைத் துப்பாக்கியின் குற்றம் இவ்வளவுதான். ரெட் டாட் (சிறு கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான்) பொருத்தினால் இரண்டு சைட்டை ஒன்றாக்கும் வேலையே இல்லை. கண்ணாடியில் புள்ளி ஓரத்தில் தெரிந்தாலும் அது படும் இடத்துக்கே தோட்டா போகும்.

ஆனால் அந்த மில்லிமீட்டரை நகர்த்துவது விரல். தோட்டா நிரப்பிய துப்பாக்கி ஒரு கிலோகூட இல்லை. டிரிகரை இழுக்கவோ சுமார் இரண்டரைக் கிலோ விசை வேண்டும். விரலோடு மொத்தக் கையும் இறுகினால், வலக்கைக்காரரின் தோட்டா இடப்பக்கம் கீழே இறங்கும். பின்னுதைப்பு உணரப்படும்போது தோட்டா வெளியேறிவிட்டது. குழலுக்குள் அது இருப்பது ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. கெடுப்பது, உதைக்கு அஞ்சி முன்கூட்டியே கொடுக்கும் அமுக்கு. இதற்கு விலையுயர்ந்த குழல் வாங்கி மாட்டுவது, என் பார்வையில், தாயத்து கட்டுவதற்குச் சமம்.

அந்தப் பணத்தில் தோட்டா வாங்கலாம். சுடுதளத்தில், மருந்தில்லாத இரண்டு மூன்று போலித் தோட்டாக்களை மேகசினில் வேறொருவர் கலந்து நிரப்பட்டும். எது எப்போது வரும் என்று சுடுபவருக்குத் தெரியக்கூடாது. போலியின் முறை வரும்போது ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான், உதையே இல்லை. ஆனாலும் முன்சைட் சட்டென்று கீழே குனியும்.