கோபுர உச்சி விளக்குக்கு மின்சாரம் எப்படிப் போகிறது?

மத்திய அலை வானொலிக் கோபுரங்கள் பலவற்றில் ஆன்டெனா என்று தனியாக எதுவும் கிடையாது. கோபுரமே ஆன்டெனா. அடியில் ஒரு பீங்கான் இன்சுலேட்டர். அதன் மேல்தான் மொத்தக் கோபுரமும் நிற்கிறது. பெரிய நிலையங்களில் ஒலிபரப்பு நடக்கும்போது கோபுரத்தின் அடிக்கும் தரைக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். ஆனால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தாக வேண்டும். தரையிலிருந்து நேராகக் கம்பி இழுத்தால், ரேடியோ மின்னோட்டம் அதே கம்பி வழியே தரைக்கு இறங்கிவிடும். பீங்கானைப் போட்டதே வீண்.

இதற்கு ஓர் அழகான விடை ஆஸ்டின் டிரான்ஸ்ஃபார்மர். சங்கிலியின் இரண்டு கண்ணிகள் போலக் கோத்த இரண்டு பெரிய வளையங்கள். ஒன்று முதன்மைச் சுருள் சுற்றிய இரும்பு உள்ளகம். மற்றொன்று அதன் துளைக்குள் நுழைந்து வரும் துணைச் சுருள். இரண்டும் எங்கேயும் தொடாது. நடுவே வெறும் காற்று. முதல் வளையத்தில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் இரண்டாவதில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831இல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிக் கண்டறிந்த அதே தத்துவம்தான்.

தத்துவம் எளிது, வடிவமைப்பு அப்படியல்ல. காந்த இணைப்பு நன்றாக இருக்கச் சுருள்கள் ஒட்டி இருக்க வேண்டும். உயர் மின்னழுத்தத்தைத் தாங்க அவை விலகி இருக்க வேண்டும். சீரான மின்புலத்தில் காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் தாங்கும். அதை நம்பி 30,000 வோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் விட்டால் மாட்டிக்கொள்வோம்: கூரான முனைகளில் மின்புலம் குவிந்து, அதற்கு முன்பே பொறி பாயும். பரப்பில் தூசியும் ஈரமும் படிந்தால் நிலைமை இன்னும் மோசம்.

சரி, இடைவெளியை எபாக்சி என்னும் கெட்டிப்படும் பிசினால் நிரப்பினால்? எபாக்சி காற்றைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் வார்க்கும்போது உள்ளே ஒரு சின்னக் காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் அதுவே எமன். மின்புலத்துக்குக் குறுக்கே தட்டையாகக் கிடக்கும் குமிழுக்குள், சுற்றியுள்ள எபாக்சியில் இருப்பதைப் போல் சுமார் நான்கு மடங்கு மின்புலம் எழும். பலவீனமான காற்றின் தலையிலேயே பெரிய சுமை! அலைக்கு அலை அங்கே நுண்ணிய பொறிகள் வெடித்து, எபாக்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, ஒருநாள் துளைத்துவிடும். வெற்றிடத்தில் வைத்து வார்ப்பது இதனால்தான். அரைகுறையாக வார்த்த எபாக்சியைவிடத் தாராளமாக விட்ட காற்றே மேல் என்பது என் கட்சி.

இன்னொரு தொல்லை உண்டு. எதிரெதிரே நிற்கும் இரண்டு சுருள்கள், நாம் கேட்காமலேயே மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு மின்தேக்கியாகிவிடுகின்றன. அதன் கொள்ளளவு நூறு பிக்கோஃபாரட் (மின்தேக்கத்தின் மிகச் சிறிய அலகு) என்றால் அற்பமாகத் தெரியும். ஆனால் இதே போல் தொடாமல் மின்சாரம் பெறும் அதிவேக மின்சுவிட்சுகளில் மின்னழுத்தம் ஒரு மைக்ரோவினாடியில் 50,000 வோல்ட் தாவினால், அந்த அற்பத்தின் வழியே 5 ஆம்பியர் பாயும். சுவிட்சின் கட்டுப்பாட்டுச் சுற்று குழம்பிப்போகும். ஆகவே சிலர் தடித்த காப்புறை போட்ட ஒற்றைக் கேபிளை ஃபெரைட் என்னும் காந்தப் பீங்கான் வளையத்தின் நட்டநடுவே ஒரே ஒரு முறை நுழைத்து விடுகிறார்கள். ஒரு சுற்றுதான், கசிவும் சொற்பம்.

இவ்வளவு விலக்கினால் காந்த இணைப்பு என்னாவது? குறையும். ஒரு சுருளின் காந்தப்பாயத்தில் (காந்தப்புலக் கோடுகளில்) ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மற்றதை எட்டலாம். மீதி எண்பது சதவீதம் வீண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. போய்ச் சேராத புலத்தின் ஆற்றல் ஒவ்வொரு சுழற்சியிலும் சுருளுக்கே திரும்பி வருகிறது. அந்தப் போக்குவரத்தில் கம்பி சூடாவதுதான் உண்மையான இழப்பு. சரியான மின்தேக்கியைச் சேர்த்து, இரண்டு சுருள்களும் ஒரே தாளத்தில் ஆடும் ஒத்ததிர்வில் வைத்து, சுருளின் தரக்காரணியை (ஆற்றலை எவ்வளவு குறைவாக இழக்கிறது என்பதன் அளவு) 200 வரை உயர்த்தினால், இந்த இணைப்பிலும் 95 சதவீதத் திறன் கணக்கில் கிடைக்கும். போனைக் கம்பியில்லாமல் சார்ஜ் செய்யும் தட்டிலும் நடப்பது இதுவே. 1,00,000 ஹெர்ட்சில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில், சுமார் 0.2 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் ஒதுங்கிவிடும். அதனால் முடி போன்ற இழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பியில் சுற்றுகிறார்கள்.

மறுபடியும் கோபுரத்துக்கு வருவோம். உயரமாக நின்றால் மின்னல் விழாமல் இருக்குமா? அதற்காகப் பீங்கானுக்குப் பக்கத்தில் இரண்டு உலோக உருண்டைகளை எதிரெதிரே வைத்திருப்பார்கள். அவற்றின் இடைவெளி, வளையங்களின் இடைவெளியைவிட வேண்டுமென்றே குறைவு. மின்னல் இறங்கினால் பொறி அங்கே பாயும்; வளையங்கள் தப்பிக்கும்.