கறையும் படைப்பின் பகுதிதான், துடைத்துவிடாதீர்கள்

பலவகைப் பொருள்களைச் சேர்த்து ஒட்டிச் செய்யும் கலப்பு ஊடகப் படைப்புகளைச் செப்பனிடும் பணியில் இருக்கும் எங்களுக்கு, “லேசாகத்தான் துடைத்தோம்” என்ற பேச்சைவிட அச்சம் தருவது வேறில்லை. அண்மையில் என் மேசைக்கு வந்த படைப்பில், ஓவியர் தம் தாயார் புழங்கிய மஞ்சள் படிந்த கரித்துணியையும், பேருந்துச் சீட்டுகளையும், தேநீர்த் தம்ளரின் அடிவட்டம் பதிந்த பால் கணக்குத் தாளையும் ஒரே பலகையில் ஒட்டியிருந்தார். அந்த வட்டங்களை அழுக்கு என்று எண்ணி, வாங்கியவர் வீட்டில் ஈரத்துணியால் தேய்த்திருக்கிறார்கள். வட்டங்களில் பாதி போய்விட்டது. கணக்கு எழுதிய பேனா மை கரைந்து, தாள் முழுவதும் நீலமாக ஊறியிருக்கிறது. அதை எவராலும் மீட்க முடியாது. இப்படிப்பட்ட சேதங்கள் அடுத்தடுத்து வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

ஓவியர் சுத்தமான படைப்பைத்தான் கொடுத்தார், கறை பிறகு வந்து சேர்ந்தது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். ஆனால் அன்றாட வாழ்வையும் மனித இருப்பையும் பொருளாகக் கொள்ளும் ஓவியர்கள், அந்த வாழ்வில் தேய்ந்த பொருளையே பலகைக்குக் கொண்டுவருகிறார்கள். ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஓவியர் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1919ஆம் ஆண்டிலேயே டிராம் சீட்டுகளையும் கிழிந்த தாள்களையும் கொண்டு இதைச் செய்யத் தொடங்கிவிட்டார். அந்தச் சீட்டின் மடிப்பும் கசங்கலும் ஒருவர் அதைக் கையில் வைத்திருந்ததற்குச் சான்று. அதை நீக்கினால் மிஞ்சுவது வெறும் தாள். அருங்காட்சியகங்களும் இதில் தவறியிருக்கின்றன: 2011இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகர அருங்காட்சியகத்தில், கலைஞர் மார்ட்டின் கிப்பன்பெர்கர் ஒரு ரப்பர்த் தொட்டியில் காய்ந்த மழைநீர்ப் படிவுபோலத் தோன்றும்படி பூசியிருந்த வண்ணத்தை, துப்புரவுப் பணியாளர் ஒருவர் கறை என்று கருதித் தேய்த்து எடுத்துவிட்டார். அவருக்குச் சொல்லிவைப்பது பொறுப்பில் இருந்தவர்களின் கடமை. உங்கள் வீட்டில் அந்தக் கடமை உங்களுடையது.

ஆகவே தண்ணீரும் வேண்டாம், கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டாம். ஸ்பிரிட்டை அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். இயந்திரத்தில் அடித்துத் தரும் இன்றைய பேருந்துச் சீட்டு சூட்டில் கறுக்கும் தாள் என்பதால், ஸ்பிரிட் பட்டவுடன் கறுத்துவிடும். அதே சீட்டில் வெயில் பட்டால் எழுத்து மறையும். மஞ்சள் கறையும் வெளிச்சத்தில் விரைவில் வெளுக்கும் என்பதால், சன்னலுக்கு எதிரே மாட்டுவது கூடாது. கண்ணாடி போடுவதானால் அது படைப்பின் மேல் படாமல் இடைவெளி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவரில் மாட்டாதீர்கள். மாவுப் பசையைத் தேடி இராமபாணப் பூச்சி வரும், தாளில் பூஞ்சை பிடிக்கும். உரிந்த இடத்தைச் செல்லோடேப்பால் ஒட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிய பின், அதை எடுப்பது எங்களுக்கே பெரும்பாடு.

படைப்பை வாங்கும் நாளிலேயே, எந்தப் பொருளை எந்தப் பசையால் ஒட்டினார், எந்தக் கறை அவர் வைத்தது, எது மங்கினாலும் அவருக்குச் சம்மதம் என்று ஓவியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இளம் ஓவியர்களிடமும் இதையே வேண்டுகிறேன்: கேட்காவிட்டாலும் பலகையின் பின்புறம் ஒரு குறிப்பு ஒட்டிக் கொடுங்கள். ஏதேனும் துண்டு உதிர்ந்தால் அதைக் குப்பையில் சேர்க்காமல், எங்கிருந்து விழுந்தது என்று ஒரு படம் எடுத்து, காகித உறையில் இட்டுப் படைப்போடு சேர்த்தே எங்களிடம் கொண்டுவாருங்கள்.