சிவகாசிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இடத்தை அளந்து பாருங்கள்: தற்காலிகப் பட்டாசுக் கடை உரிமம்

நகையை அடகு வைத்துச் சிவகாசிக்கு அட்வான்ஸ் கட்டியிருப்பார்கள். சரக்கு வந்து இறங்கியிருக்கும். உரிமம் மட்டும் வந்திருக்காது. தீபாவளி நெருங்கும்போது இப்படித் தவிக்கும் சின்ன வியாபாரிகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பாதிப் பேர் விழுவது தவிர்க்கக்கூடிய குழிகளில்தான்.

வெடிபொருள் விதிகள், 2008-இன்படி தற்காலிகக் கடைக்கும் உரிமம் வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகம் தரும். சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம். விண்ணப்பம் இ-சேவை மூலம், கட்டணமும் உண்டு. கடைசித் தேதி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், பண்டிகைக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும். ஆட்சியரின் அறிவிப்பு வந்த அன்றே கிளம்புங்கள்.

முதல் குழி, இடம். மாடியில் குடித்தனம் இருக்கும் கடை வேண்டாம். படிக்கட்டுக்கு அடியில், பேஸ்மென்ட்டில் என்றால் பேச்சே இல்லை. ஷெட் போடுவதானால் தீப்பிடிக்காத பொருளில் இருக்க வேண்டும். துணிப் பந்தலும் ஓலைக் கொட்டகையும் கூடாது. கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர், வீடு, பள்ளி, கோயில் போன்ற இடங்களுக்கு 50 மீட்டர். கடைகள் எதிரெதிரே பார்க்கக் கூடாது. ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் ஆகாது. எனக்குத் தெரிந்த ஸ்டேஷனரிக் கடைக்காரர் ஒருவருக்கு, ஆய்வுக்கு வந்தவர் டேப்பை நீட்டிய பிறகுதான் பக்கத்துக் கடை இரண்டரை மீட்டரில் இருப்பது தெரிந்தது. மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டார். ஐம்பது ரூபாய் டேப்பை வைத்து அவரே முதலில் அளந்திருக்கலாம். இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, வாங்கிக்கொண்ட இடத்துக்காரர் உட்பட.

இந்த அளவுகளை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். 2021-இல் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை எரிந்து உயிர்கள் போயின. 2023-இல் கிருஷ்ணகிரியில் குடோன் வெடித்து அக்கம்பக்கத்தாரும் இறந்தார்கள். அதனால்தான் கெடுபிடி.

இரண்டாவது, காகிதம். கடையின் வரைபடம், சொத்து வரி ரசீது, ஆதார், போட்டோ, வாடகை இடமென்றால் ஒப்பந்தம். மனு கணவர் பெயரில், ஒப்பந்தம் மனைவி பெயரில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். வரைபடத்தில் சுற்றியுள்ள கட்டடங்களும் தூரமும் தெளிவாகத் தெரிய வேண்டும். செல்போனில் சாய்வாகப் பிடித்த படத்தை ஏற்றினால் திருப்பி அனுப்புவார்கள், அனுப்பியதை யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். மனு எண்ணைப் போட்டு நிலையை அடிக்கடி நீங்களே பாருங்கள். இ-சேவையில் தரும் ஒப்புகைச் சீட்டு உரிமம் அல்ல. அதை மாட்டிவைத்துக் கடையைத் திறந்தவர்களின் சரக்கு பறிமுதல் ஆகியிருக்கிறது.

மூன்றாவது, அலைச்சல். தீயணைப்பு, காவல், வருவாய், உள்ளாட்சி என்று தடையின்மைச் சான்றுக்கு ஆய்வு நடக்கும். 'அவங்க அறிக்கை வரட்டும்' என்று ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் கேளுங்கள், தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் வரவில்லையென்றால் எழுத்துமூலம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 'சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்று வாசலில் நிற்கும் ஆளிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். மறுத்துவிட்டால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். மறுப்புக்கான காரணத்தைப் பதிவு செய்து, கேட்டால் சுருக்கமாகத் தர வேண்டும் என்று 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமே சொல்கிறது. 'மேலிடத்து உத்தரவு' என்பது காரணம் ஆகாது.

உரிமம் கைக்கு வந்தாலும் அது அந்த முகவரிக்கு மட்டும்தான். வீட்டுப் பரணில் வைக்கும் பெட்டிகளுக்கு அது காவல் இல்லை. கடைக்குள் விளக்கு ஒயரில் தொங்கக் கூடாது, சுவரிலோ கூரையிலோ பொருத்த வேண்டும். பேரியம் உப்பு என்ற வேதிப்பொருள் கலந்தவை, சரவெடி இரண்டையும் உச்ச நீதிமன்றம் தடுத்திருக்கிறது. மொத்த வியாபாரி சேர்த்து அனுப்பினாலும் இறக்காதீர்கள், பிடிபடுவது நீங்கள்தான். பில் இல்லாத சரக்கும் வேண்டாம்.

அப்புறம், மிச்சச் சரக்கு. உரிமத்தில் எழுதிய கடைசித் தேதிக்குப் பிறகு ஒரு பெட்டி இருந்தாலும் குற்றம். திருப்பி எடுத்துக்கொள்வதாக மொத்த வியாபாரியிடம் பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.