18 வயது முடிந்த ஆட்டிசப் பிள்ளைக்குப் பாதுகாவலர் சான்றிதழ்: எங்கெங்கே இழுத்தடிப்பார்கள்?

பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், பெற்றோர் சட்டப்படி பாதுகாவலர் இல்லை. வங்கியிலோ பத்திரப்பதிவிலோ திருப்பி அனுப்பப்பட்ட பிறகுதான் பல குடும்பங்களுக்கு இதுவே தெரியவருகிறது. கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். பாதுகாவலர் நியமனத்துக்கான விண்ணப்பமான படிவம் ஏ-வை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுங்கள். தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழைப் பாருங்கள். அதில் வெறும் 'மனநோய்' என்று இருந்தால் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆட்டிசம் என்று திருத்தி வாங்கிய பிறகே விண்ணப்பியுங்கள்.

அடுத்து, "நல்லாத்தானே பேசுறார், டிகிரி வேற முடிச்சிருக்காரே" என்பார்கள். பேச்சும் படிப்பும் அளவுகோல் அல்ல. அன்பாகப் பேசுகிறவர் எதை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடும் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஜாமீன் கையெழுத்தில் மாட்டுவது அவர்கள்தான். பாதுகாவலர் தேவையா, எந்தெந்தக் காரியத்துக்குத் தேவை என்ற இரண்டையும் குழு பார்த்தாக வேண்டும் என்கிறது பிரிவு 14. விண்ணப்பத்தில் 'சூதுவாது தெரியாதவர்' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. எந்தத் தேதியில், யார், அவரிடம் எவ்வளவு வாங்கினார் என்று எழுதி வங்கிக் கணக்கு நகலை இணையுங்கள்.

இதற்கு நேர்மாறான அநியாயமும் நடக்கிறது: 'எல்லாக் காரியங்களுக்கும்' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவது. பண விஷயத்தில் மட்டும் துணை தேவை என்றால் அதை மட்டும் கேளுங்கள். மற்ற முடிவுகள் அவருடையவை. விசாரணையில் அவருக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள்; கேள்விகளை எழுதிக் கொடுத்து, அவர் பதிலுக்குக் காத்திருக்கும்படி குழுவிடம் முன்கூட்டியே மனுவில் கேளுங்கள்.

இந்தச் சான்றிதழை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கிளையில் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

சான்றிதழ் வந்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். இவற்றைக் கொடுக்காமல் விட்டால், சொத்தில் கண் வைத்த உறவினர் முதலில் பிடிப்பது இந்த ஓட்டையைத்தான்.

ஏற்கெனவே யாராவது ஏமாற்றிக்கொண்டிருந்தால் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். 'குடும்பப் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கோங்க' என்று போலீஸ் அனுப்பினால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 7 என்று குறிப்பிட்டு, நிர்வாகத்துறை நடுவரான கோட்டாட்சியரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். பெற்றோர்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரும் கொடுக்கலாம்.