மூக்கோரத்தில் ஆறாத புண்: கத்தி படும் முன்பும் தையல் பிரித்த பின்பும்

மூக்கு மடலிலோ கண்ணின் உள்முனையிலோ சின்னதாகக் கறுப்பு மரு ஒன்று இருக்கும். முகம் துடைக்கும்போது துண்டு பட்டுப் பொருக்கு விழும், ஒரு பொட்டு ரத்தம் வரும், நாலு நாளில் ஆறிவிடும், மறுபடி அதே இடத்தில் பொருக்கு கட்டும். வலிக்காது என்பதால் இரண்டு வருடம்கூட ஓடிப்போகும். முகத்தில் வரும் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. வெளிர்ந்த தோலில் இது முத்துப் போலத் தெரியும். நம் நிறத்தில் கறுத்து வருவதால் மச்சம் என்று ஏமாந்துவிடுகிறோம். உற்றுப் பார்த்தால் ஓரம் மேடாக, மெழுகு தடவியது போல மினுங்கும். ஒரு மாதம் தாண்டியும் ஆறவில்லையென்றால் தோல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பதிலும், மருதானே என்று கரண்டில் சுட்டுவிடுவதிலும்தான் விவகாரம் முற்றுகிறது. மேலே தழும்பு மூடிக்கொள்ள, அடியில் நோய் பக்கவாட்டில் ஓடும். சுட்டபின் சோதனைக்கு அனுப்பச் சதையும் மிஞ்சாது. பயாப்சி பெரிய வேலையல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, 3 அல்லது 4 மி.மீ. சதை எடுத்து, ஒரு தையல் போட்டால் முடிந்தது. கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயத்தில் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை.

அறுவையில் முதல் வேலை பேனாவுக்குத்தான். ஊசி போட்டால் தோல் உப்பி, வெளுத்து, நோயின் ஓரம் மறைந்துவிடும். அதனால் அதற்கு முன்பே வரைந்துவிட வேண்டும். 2 செ.மீ.க்குக் குறைவான, ஓரம் தெளிவான பேசல் செல் கட்டியைச் சுற்றி 4 மி.மீ. நல்ல தோலையும் சேர்த்து வெட்டினால் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு முழுதாக வந்துவிடும். இன்னொரு தோல் புற்றான ஸ்குவாமஸ் செல் வகைக்குக் குறைந்தது 4 முதல் 6 மி.மீ. நிறமிச் செல்களில் தொடங்கும் மெலனோமாவின் கணக்கே வேறு. எடுத்த துண்டில் ‘12 மணி’ப் பக்கத்தில் ஒரு தையல் அடையாளம் வைத்து, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலினில் அனுப்புவார்கள். எந்த ஓரத்தில் நோய் மிச்சம் என்று சொல்ல அந்த நூல் வேண்டும்.

சாதாரணப் பரிசோதனையில் துண்டை ரொட்டி போல அறுத்து, சில வில்லைகளை மட்டுமே பார்ப்பார்கள். இரண்டு வில்லைக்கு நடுவில் இருப்பது தப்பிவிடலாம். அறுவையின்போதே அடுக்கடுக்காக வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் மோஸ் முறையில் அடிப்பக்கமும் சுற்றோரமும் முழுக்கப் பார்க்கப்படும். மூக்கு, இமை, திரும்ப வந்த கட்டி ஆகியவற்றுக்கு அதுவே மேல். அந்த வசதி இல்லையா? புண்ணைக் கட்டுப் போட்டு வைத்து, ரிப்போர்ட் வந்தபின் மூடலாம். நாலைந்து நாள் தாமதத்தால் நட்டமில்லை. அவசரப்பட்டு, ஃபிளாப் (ரத்த ஓட்டம் அறாமல் பக்கத்துத் தோலை நகர்த்திக் குழியை மூடுவது) திருப்பியபின் ‘ஓரத்தில் நோய் இருக்கிறது’ என்று வந்தால், அந்த ஓரம் இப்போது எங்கே நகர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சின்னக் குழி நேர்த்தையலில் மூடிவிடும். கண்ணின் உள்முனைக் குழி தானாகவே ஆறிவிடுவதும் உண்டு. காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்டினால், அதை அழுத்திக் கட்டிய கட்டை 5 முதல் 7 நாள் அசைக்கக்கூடாது. அடியில் ரத்தம் தேங்கினால் ஒட்டு பிடிக்காது.

மூக்கு நுனி பெரிதாகப் போனால் நெற்றித் தோல்தான் கைகொடுக்கும். 1794-இல் லண்டன் பத்திரிகையில் புனே சேதியாக வெளிவந்து ஐரோப்பாவை அசத்திய அதே நம்மூர் வித்தை. தையல் நூல் வந்த அலுமினியத் தாளைக் குழியின் அளவுக்கு வெட்டி, நெற்றியில் தலைகீழாக வைத்து வரைவார்கள். புருவத்தின் உள்முனையருகே ஏறும் ரத்தக்குழாயோடு, சுமார் ஒன்றரை செ.மீ. அகலக் காம்பு விட்டுத் தோலைத் திருப்பி மூக்கில் தைப்பார்கள். மூன்று வாரம் அந்தக் காம்பு மூக்குக்கும் புருவத்துக்கும் நடுவே பாலம் போல நிற்கும். பிறகுதான் வெட்டி எடுப்பார்கள்.

அந்த மூன்று வாரம்தான் கஷ்டம். மூக்குக் கண்ணாடியைக் காம்பின் மேல் வைக்கக்கூடாது. பார்வைக்கு என்ன வழி என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். காம்பின் தோல் மூடாத பக்கம் கசியும், அதற்கு வாசலின் தடவிய துணி போதும். தோல் நீலமாகக் கறுத்தால் ரத்தம் திரும்பவில்லை, வெளிறினால் ரத்தம் வரவில்லை. இரண்டுக்கும் அன்றே ஓட வேண்டும். பீடி, சிகரெட் பிடித்தால் நுனி கருகும். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நாலு வாரம் நிறுத்தியாக வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது.

எந்தத் தையலானாலும், முதல் இரண்டு நாள் தலையை உயர்த்திப் படுங்கள். மூன்றாம் நாள்வரை கண் வீங்கிக் கறுப்பது சகஜம். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 20 நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. ஆனால் ஃபிளாப்பின் மேலோ காம்பின் மேலோ அழுத்தக்கூடாது, கூப்பிட்டுக் கேளுங்கள். புண்ணைக் காயவிட வேண்டாம், வாசலின் ஈரத்தில் சீக்கிரம் ஆறும். மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டாம். முகத் தையலை 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். நெற்றித் தோல் எடுத்தவர்களுக்கு நெற்றி மேலே உச்சிவரை மரத்து, எறும்பு ஊர்வது போலிருக்கும். மாதக்கணக்கில் மெல்லத் தேறும். தழும்பு அடங்க ஒரு வருடம். கூந்தல் கோட்டைத் தொட்டுத் தோல் எடுத்திருந்தால் மூக்கு நுனியில் முடி முளைக்கும், அதை லேசரில் எடுக்கலாம்.

தையல் பிரித்ததோடு பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, பக்கவாட்டு ஓரம், ஆழ ஓரம் இரண்டும் நோயில்லாமல் இருக்கிறதா, நரம்பைச் சுற்றி ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறியிருந்தால் கதிர்வீச்சு தேவைப்படலாம். ஸ்குவாமஸ் வகையென்றால் ஒவ்வொரு முறையும் காதுக்கு முன்னாலும் தாடைக்கு அடியிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.