சொல் விளக்கம்: மியூசியம், அருங்காட்சியகம், நகர வரலாறு

‘மியூசியம்’ கிரேக்கத்தில் பிறந்து, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்த சொல். மூலச்சொல் ‘மௌசெயோன்’. கலைக்கும் கல்விக்கும் உரிய ஒன்பது தேவியரை கிரேக்கர்கள் ‘மியூஸ்’ என்றார்கள். அவர்களுக்குரிய இடம் மௌசெயோன். ஒன்பதின்மரில் கிளையோ என்பவள் வரலாற்றுக்கு உரியவள். அனைவருக்கும் தாயானவள் நெமோசினே. அந்தப் பெயருக்கு நினைவு என்று பொருள். மியூசிக் என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். தரையில் பதிக்கும் மொசைக்கையும் இந்த வேரோடு சேர்த்தே சொல்வார்கள்.

தொடக்கத்தில் அது பொருள்களைப் பார்க்கப் போகும் இடமாக இருக்கவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தாலமி மன்னர்கள் வைத்திருந்த மௌசெயோனில் அறிஞர்கள் அரசின் செலவில் தங்கி, ஒரே பந்தியில் உண்டு, ஆய்வு செய்தார்கள். புகழ்பெற்ற அலெக்சாந்திரிய நூலகம் அதைச் சார்ந்தே இருந்தது. சேகரித்த பொருள்களை வைக்கும் இடம் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில்தான் வலுப்பெற்றது. ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் 1683இலும், லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம் 1759இலும், பாரிசின் லூவர் 1793இலும் திறக்கப்பட்ட பிறகு, இன்று நாம் நினைக்கும் பொருள் நிலைபெற்றது. 2022இல் பிராக் நகரில் கூடிய சர்வதேச அருங்காட்சியக மன்றம் இந்தச் சொல்லுக்குப் புதிய வரையறை தந்தது. தொட்டறியும் மரபுச் செல்வத்தோடு, பேச்சு, பாட்டு, கைத்திறன் போன்ற தொட்டறிய முடியாதவற்றையும் ஆராய்ந்து, சேகரித்து, காத்து, விளக்கிக் காட்டும் லாபநோக்கமற்ற நிலையான நிறுவனம் என்பது அதன் சாரம்.

தமிழில் இதற்கு ஒரே சொல் இல்லை. தமிழ்நாட்டில் அருங்காட்சியகம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அரும்பொருளகம். இலங்கையில் நூதனசாலை. நூதனம் என்றால் புதுமை. பழம்பொருள் வைக்கும் இடத்துக்குப் புதுமையின் பெயர் வந்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் இதுவரை காணாததைக் கண்டு வியக்கும் இடம் என்ற கருத்தில் அது பொருந்தத்தான் செய்கிறது. பேச்சு வழக்கும் சும்மா இருக்கவில்லை. சென்னை மக்கள் மியூசியத்தை ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொன்னார்கள். சென்னை மியூசியம் 1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியதை நினைத்தால் அந்தக் ‘காலேஜ்’ எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பது புரிந்துவிடும்.

மூன்றில் எதை எடுப்பது? பழக்கத்தில் எது இருக்கிறதோ அதுவே அந்தந்த நாட்டுக்குச் சரி. பொருள் நோக்கில் கேட்டால், அருங்காட்சியகமே முந்துகிறது என்பது என் கணிப்பு. அரும்பொருளகம் பொருளோடு நின்றுவிடுகிறது. வரைபடம், ஒலிப்பதிவு, முதியவர் சொன்ன நினைவு ஆகியவையும் ‘காட்சி’ என்பதற்குள் அடங்கும்.

சொல்லைப் பிரித்தால் அருமை + காட்சி + அகம். பண்புப்பெயரான அருமையில் ‘மை’ கெடும் (ஈறு போதல்). ‘அரு’ என்பதன் பின் ககரம் வருவதால் அதற்கு இனமான ‘ங்’ தோன்றும் (இனம் மிகல்): அருங்காட்சி. இகர ஈற்றோடு ‘அகம்’ சேரும்போது யகர உடம்படுமெய் வரும்: அருங்காட்சியகம். நூலகம், உணவகம், மருந்தகம் போல ‘அகம்’ இங்கே இடத்தைக் குறிக்கிறது. ‘அருங்காட்சியம்’ என்று எழுதுவோர் ‘அகம்’ தனிச்சொல் என்பதை மறந்து ககரத்தை விழுங்கிவிடுகிறார்கள். ‘அருகாட்சியகம்’ என்று எழுதினால் அருமை போய் அருகாமை வந்துவிடும்.

முன்னொட்டுச் சேர்க்கும்போதுதான் பலகைகளில் அதிகம் சறுக்குகிறது. ‘நகர வரலாறு அருங்காட்சியகம்’ என்பது பிழை. வரலாறு என்பதன் ஈற்று ‘று’ அடுத்த சொல்லோடு சேரும்போது ஒற்று இரட்டி ‘வரலாற்று’ ஆகும்: நகர வரலாற்று அருங்காட்சியகம். ‘மாநகராட்சி அருங்காட்சியகம்’ என்றால் மாநகராட்சி நடத்துவது. அதற்குள் விலங்குகளின் எலும்புக்கூடு கூட இருக்கலாம். நகரத்தைப் பற்றியது என்று சொல்ல வேண்டுமானால் ‘வரலாற்று’ என்ற சொல் நடுவில் கட்டாயம் வேண்டும்.

நகர வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ‘அருமை’ பொருந்துமா என்று ஒரு கேள்வி உண்டு. உள்ளே போனால் கிரீடமும் மாணிக்கமும் இருக்காது. பேருந்துச் சீட்டு, கதவுப் பூட்டு, கடைப் பலகை, தெருவிளக்கு, தண்ணீர்க் குழாய். குழந்தைகள் புதையலைத் தேடி ஓடி, பத்து நிமிடத்தில் ‘ஒண்ணுமே இல்லை’ என்று திரும்பி வருவது இதனால்தான். சிக்கல் அருமை என்பதை ‘விலை உயர்ந்தது’ என்று மட்டும் புரிந்துகொள்வதில் இருக்கிறது. பழந்தமிழில் அருமைக்கு முதற்பொருள் கிடைப்பதற்கும் செய்வதற்கும் கடினமாக இருப்பது. ‘செயற்கரிய செய்வார் பெரியர்’ என்ற குறளில் வரும் ‘அரிய’ அந்தப் பொருளில்தான் நிற்கிறது. நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். பேருந்துச் சீட்டை இறங்கிய உடனே கசக்கி எறிவார்கள். அறுபது ஆண்டு கழித்து எது கிடைப்பது அரிது? எல்லோரும் எறிந்ததால் அரிதானதுதான் அந்தச் சீட்டு. இப்படி ஒரு நாள் பயனுக்காக அச்சிட்ட தாள்களுக்கு ஆங்கிலத்தில் ‘எஃபிமெரா’ என்று பெயர். அதுவும் கிரேக்கம், ‘ஒரு நாளுக்குரியது’ என்று பொருள். தமிழில் ‘அன்றாடத் தாள்கள்’ என்றால் போதும்.

இந்த வகை அருங்காட்சியகங்களில் மூத்தவற்றுள் ஒன்று பாரிசின் கார்னவாலே. பழைய பாரிசை இடித்து அகன்ற சாலைகள் போட்டுக்கொண்டிருந்த நிர்வாகி ஓஸ்மானின் யோசனைப்படியே 1866இல் நகரம் அந்த மாளிகையை வாங்கியது. 1880இல் மக்களுக்குத் திறந்தது. அங்கே பழைய கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கென்றே தனி அறைகள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த தெருவில் கடையை அடையாளம் காட்டியவை அந்தப் பலகைகளில் இருந்த உருவங்கள்தாம்.

அடுத்து ‘காட்சி’. இன்று அது நாம் பார்க்கும் பொருளையோ, நாடகத்தின் ஒரு பகுதியையோ குறிக்கிறது. பழைய வழக்கில் பார்க்கும் செயலும் அதனால் பெறும் அறிவும் காட்சிதான். ‘மாசறு காட்சி யவர்க்கு’ என்ற குறளில் அது தெளிந்த அறிவு. சைவ சித்தாந்த அளவையில் உண்மையை அறியும் வழிகளாக காண்டல், கருதல், உரை என மூன்றைச் சொல்வார்கள்: கண்ணால் காண்பது, கண்டதைக் கொண்டு ஊகிப்பது, அறிந்தவர் சொல்லைக் கேட்பது. குடும்பத்தோடு ஒரு காட்சிப்பேழையின் முன் நிற்கும்போது இதைவிடச் சிறந்த வழிமுறை கிடைக்காது. நம்மில் பலர் தலைகீழாகப் போகிறோம். முதலில் விளக்கச்சீட்டைப் படித்துவிட்டு, பொருளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நகர்ந்துவிடுகிறோம். உரை முந்திவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லாமல் போகிறது.

மரத்தண்ணீர்க் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் பூமிக்கடியிலிருந்து தோண்டி எடுத்து வைத்திருப்பார்கள். முதலில் காண்டல்: முழு அடிமரம், நடுவில் நீள ஓட்டை, ஒரு முனை பென்சில் சீவியதுபோல் குறுகியிருக்கிறது, மறுமுனையின் துளை அகலமாக இருக்கிறது. இவ்வளவையும் குழந்தையே சொல்லும். சீட்டை யாரும் பார்க்கக் கூடாது. பிறகு கருதல்: குறுகிய முனை எதற்கு? அடுத்த மரத்தின் அகன்ற துளைக்குள் நுழைப்பதற்கு. அப்படியானால் இது தனி மரமில்லை, தெரு முழுக்க வரிசையாக ஓடிய ஒன்றின் துண்டு. உள்ளே என்ன ஓடியிருக்கும்? இணைப்பில் கசியாதா? கசியும். மரம் மக்கும், அழுத்தம் தாங்காது. நீராவிப் பம்புகள் வந்து அழுத்தம் கூடியதும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் இரும்புக் குழாய்கள் இடம்பிடித்தன. கடைசியாக உரை: சீட்டைப் படித்து ஊகத்தைச் சரிபார்க்கலாம். குழாயின் மேற்புறத்தில் முளை அடித்த சிறு துளை தெரிந்தால் கவனியுங்கள். தீப்பிடித்தால் மண்ணைத் தோண்டி, குழாயில் துளையிட்டுத் தண்ணீர் எடுத்து, பிறகு மரமுளையால் அடைப்பார்கள். தீயணைப்புக் குழாயை ஆங்கிலத்தில் ‘ஃபயர் பிளக்’ என்பது அந்த முளையிலிருந்து வந்தது. ஒரு பொருளுக்கு ஐந்து நிமிடம் இப்படிப் போகும். ஒரு வருகையில் எட்டுப் பத்துப் பொருள்களை இவ்வாறு பார்த்தால் தாராளம்.

விளக்கச்சீட்டையும் வாசிக்கத் தெரிய வேண்டும். இன்றைய ஈராக்கில் உள்ள ஊர் என்னும் பழநகரில் 1925இல் தொல்லியலாளர் லியோனார்ட் வூலி அகழ்ந்தபோது, வெவ்வேறு நூற்றாண்டுப் பொருள்கள் ஒரே அறையில் கிடைத்தன. கூடவே பழைய செங்கல் எழுத்தைப் படியெடுத்து விளக்கிய சிறு களிமண் உருளை. கி.மு. 6ஆம் நூற்றாண்டு இளவரசி எனிகால்டியின் சேகரிப்பு அது என்றும், அந்த உருளையே சீட்டுகளுக்கு முன்னோடி என்றும் பலர் கருதுகிறார்கள். இன்றைய சீட்டில் பெயர், பொருள் (மரம், இரும்பு, தாள்), காலம், அளவு, வந்த வழி, பதிவெண் ஆகியவை இருக்கும். அளவு பெரும்பாலும் உயரம், அகலம், ஆழம் என்ற வரிசையில் வரும். 1987.42.3 என்ற பதிவெண்ணைப் பெரும்பாலும் இப்படிப் படிக்கலாம்: 1987இல் வந்து சேர்ந்தது, அந்த ஆண்டின் 42ஆவது சேர்க்கை, அதில் 3ஆவது பொருள். ‘சுமார்’ என்றால் காலம் கணிப்பு. ‘படி’ அல்லது ‘நகல்’ என்றால் மூலம் வேறிடத்தில் இருக்கிறது. ‘மீட்டுருவாக்கம்’ என்றால் கிடைத்த துண்டுகளோடு ஊகமும் சேர்ந்திருக்கிறது. இந்த மூன்று சொற்களைக் குழந்தைக்கு வாசலிலேயே சொல்லிவிட்டால், ‘இது நிஜமா?’ என்ற கேள்விக்கு அதுவே விடை தேடிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் பொறுப்பேற்றுக் காப்பவர் காப்பாட்சியர். ‘கியூரேட்டர்’ என்பதன் லத்தீன் வேருக்குப் பேணுதல் என்று பொருள். நம் சொல்லில் ‘காப்பு’ முன்னிற்பது மிகப் பொருத்தம். அறை இருட்டாக இருப்பதும் அவர் கைவேலைதான். தாளுக்கும் துணிக்கும் வழக்கமான ஒளி வரம்பு சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு). ஒளியின் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. அதனால் வாசலில் ஓரிரு நிமிடம் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டு நுழையுங்கள். பெரியவர்கள் வாசிப்புக் கண்ணாடியை மறக்கக் கூடாது. ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். பேழையின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படமும் வெள்ளையாகத்தான் விழும்.

நகர மாதிரியுரு இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். ஓரத்தில் அளவு விகிதம் எழுதியிருக்கும். 1:500 என்றால் 1 செ.மீ. 5 மீட்டர். 1964 உலகக் கண்காட்சிக்காகச் செய்து, இப்போது நியூயார்க்கின் குவீன்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள நகரப் பேருரு 1:1200. அதில் 1 செ.மீ. 12 மீட்டர், 30 மீட்டர் கட்டடம் இரண்டரை செ.மீ. உயரந்தான். நீங்கள் வந்து இறங்கிய நிலையத்தையோ தங்கியிருக்கும் தெருவையோ அதில் குழந்தை கண்டுபிடிக்கட்டும். அது கிடைத்துவிட்டால் மற்ற அறைகளுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

சொற்குழப்பம் நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலும் வரும். கண்காட்சி குறிப்பிட்ட நாள்களுக்கு நடப்பது. பொருட்காட்சி விற்பனையும் கேளிக்கையும் கலந்தது. காட்சிக்கூடம் அருங்காட்சியகத்துக்குள் உள்ள ஓர் அறை. நிரந்தரக் கூடங்களுக்கும் தற்காலிகக் கண்காட்சிக்கும் பல இடங்களில் தனித்தனிக் கட்டணம். எதற்குச் சீட்டு என்று கேட்டு வாங்காவிட்டால், பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்த கூடத்தின் வாசலில் திரும்ப வேண்டியிருக்கும்.

1916இல் பெஞ்சமின் கில்மன் ‘மியூசியம் ஃபடீக்’ என்ற கட்டுரையில் எழுதியது அருங்காட்சியக அயர்ச்சியைப் பற்றி. குனிந்தும் நிமிர்ந்தும் எட்டிப் பார்த்தும் உடல் களைப்பதைப் படம் எடுத்தே காட்டினார். குழந்தைகளோடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். நடுவில் ஒருமுறை உட்கார்ந்து எழுங்கள். கூடங்கள் பெரும்பாலும் கால வரிசையில் இருப்பதால், கற்கால அறையில் உற்சாகத்தைச் செலவிட்டுவிட்டு, 20ஆம் நூற்றாண்டு அறைக்கு வரும்போது எல்லோரும் சோர்ந்திருப்பார்கள். தாத்தாவும் பாட்டியும் உடன் வந்தால் வரிசையை மாற்றி, கடைசி அறையிலிருந்து தொடங்குங்கள். சுழற்றும் தொலைபேசியும் தட்டச்சுப் பொறியும் அங்கேதான் இருக்கும். அவற்றுக்கு ‘உரை’ சொல்லச் சீட்டு தேவையில்லை, பாட்டியே போதும்.